தந்தி வந்த நாள்

வெளிநாட்டு உல்லாசக் கப்பலொன்றில் சமையற்காரராயிருந்த சித்தப்பா, அது நடுக்கடலில் எரிந்தபோது இறந்தார். உடல் கிடைக்கவில்லை. வட்டக்கச்சிக்குத் தந்தி வர எட்டு நாளாயிற்று. வந்த அன்றுதான் வீட்டுக்குச் சாவுத் துடக்குத் தொடங்கியது. அதிலிருந்து எண்ணித்தான் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியையும் செய்தோம். நாலெழுத்துப் படித்தவன் என்று நட்டஈட்டு விண்ணப்பத்தை என்னிடம் தந்தார்கள். இறந்த திகதிக்கு நானும் தந்தி வந்த நாளையே எழுதினேன். ஒருவருக்கும் அது பிழையாகப் படவில்லை.

கம்பனியின் சட்டத்தரணி மரியாதையாகவே பதில் எழுதினார்: கப்பல் எரிந்து எட்டு நாள் கழித்து நேர்ந்த மரணத்துக்குக் கம்பனி பொறுப்பல்ல.

சித்திக்கு வாசித்துக் காட்டி, திகதியைத் திருத்தி அனுப்புவோம் என்றேன்.

"அந்த எட்டு நாளும் நான் பொட்டோடதானே இருந்தனான்," என்றா சித்தி. "அவர் தந்தி வந்த அண்டைக்குத்தான் செத்தவர். மாத்தாதை, தம்பி."