ஆர்கனோடு இறங்கியவர்கள்

ஆர்டிஸ் லுண்ட்கிரெனுக்குக் கேள்வி கேட்காமல் இருக்கத் தெரியாது. அலாஸ்காவின் ஃபேர்பேங்க்ஸில் இருபத்தாறு வருஷம் பள்ளிக்கூட பஸ் ஓட்டினாள். சிக்னலில் நிற்கும் அரை நிமிஷத்தில்கூடப் பின்னால் திரும்பி, "உங்க அப்பா அந்த மூஸ் மானை எங்கே சுட்டாரு? கறியை யாருக்கெல்லாம் குடுத்தீங்க?" என்று கேட்டுவிடுவாள். பிள்ளைகள் அவளுக்கு வைத்த பேர் 'இன்ஸ்பெக்டர்'.

கணவர் ராய்ஸ் நேர் எதிர். எண்ணெய் ஹீட்டர் ரிப்பேர் செய்பவர். மைனஸ் நாற்பதில் எந்த வீட்டு ஹீட்டர் நின்றாலும் போன் அவருக்குத்தான் வரும். பல வருஷமாக ஊரைவிட்டு வெளியே ஒரு ராத்திரிகூடத் தங்கியதில்லை, கோடையிலும்.

ஆர்டிஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற வருஷம் சண்டை போட்டுத்தான் அவரைக் கிளப்பினாள்.

"கார்ல டால்கீட்னா வரைக்கும். அங்கேருந்து ரயில்ல காட்டுக்குள்ள போய்ட்டு, மறுநாள் வீடு. வரலைன்னா நான் தனியா போறேன்."

"தனியா போனா உன் கேள்விக்கெல்லாம் யாரு பதில் சொல்றது?"

"நீ மட்டும் என்னிக்குச் சொல்லியிருக்கே?"

ஜூலையில் தெற்கே போனார்கள். சாலையின் இரண்டு பக்கமும் ஃபயர்வீட் செடிகள் ஊதாவும் சிவப்புமாகப் பூத்துக் கிடந்தன. கான்ட்வெல் தாண்டியதும் மழை. எல்லாரும் பார்க்க ஆசைப்படும் பெரிய பனிமலை அன்றைக்கு வெளியே வரவில்லை, முழுக்க மேகம். ராய்ஸ் அதற்காக வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. வழியில் வந்த வீடுகளின் புகைபோக்கிகளை மட்டும் பார்த்து, "இது தப்பா வெச்சிருக்கான்" என்று முணுமுணுத்துக்கொண்டே வந்தார்.

திங்கட்கிழமை மதியம் டால்கீட்னாவில் ரயில் ஏறினார்கள். அது சாலையே இல்லாத இடத்துக்குப் போகும் ரயில். தண்டவாளத்தோரம் நின்று வெள்ளைத் துணியை ஆட்டினால் எங்கே வேண்டுமானாலும் நிற்கும். பயணிகளில் பாதிப் பேர் கோடியில் இருக்கும் பெரிய பாலத்தைப் பார்க்க வந்தவர்கள். மீதிப் பேர் மண்ணெண்ணெய், நாய், ஜன்னல் கண்ணாடி என்று மூட்டை முடிச்சோடு வீடு திரும்புகிறவர்கள்.

சாமான் பெட்டியில் போர்வை சுற்றிய ஒரு பெரிய உருவத்தைப் பார்த்ததும் ஆர்டிஸுக்கு இருப்புக் கொள்ளவில்லை. எழுந்து போய்விட்டாள். பக்கத்தில் வெள்ளைத் தாடிக்காரர் ஒருவர் பெட்டியின் மேல் உட்கார்ந்து புகைபோட்ட சால்மன் மீனைக் கடித்துக்கொண்டிருந்தார். பெயர் ஹோபி ஆக்கர்மன்.

"இது என்னங்க?"

"ஆர்கன். காலால மிதிச்சு வாசிக்கிறது. வில்லோங்கிற ஊர்ல ஒரு சர்ச்சுல சும்மா தூக்கிக் குடுத்தாங்க."

"நல்லா வாசிப்பீங்களா?"

"ஒரு சத்தம்கூட வாசிக்கத் தெரியாது."

"அப்புறம் எதுக்கு இதைக் காட்டுக்குத் தூக்கிட்டுப் போறீங்க?"

ஹோபி சால்மனை மடியில் வைத்தார். "உள்ளே என்ன இருக்குன்னு பார்க்கணும் அம்மணி. சின்ன வயசுலேருந்து ஆசை. சர்ச்சுல தொட்டா கையில அடிப்பாங்க."

இப்படி ஒரு ஆளை ஆர்டிஸ் அதுவரை பார்த்ததில்லை. ஹோபி இறங்க வேண்டிய இடம் வந்ததும் ராய்ஸைக் கூப்பிட்டு ஒரு முனையைப் பிடிக்கச் சொன்னாள். நாலு பேர் சேர்ந்து ஆர்கனை இறக்கி, ஹோபியின் இழுவண்டியில் ஏற்றினார்கள். டிக்கெட் பார்க்கும் நீட்டா படியில் நின்று கத்தினாள். "மூணு மணி நேரத்துல இதே வழியா திரும்புவோம். ஏறுறீங்களா, இருக்கீங்களா?"

"இருக்கோம்" என்றாள் ஆர்டிஸ்.

"பாலத்தைப் பார்க்கத்தானே வந்தோம்?" என்றார் ராய்ஸ்.

"பாலம் எங்கேயும் ஓடிடாது."

ஹோபியின் மரவீடு சுசிட்னா ஆற்றுக்கு மேலே மேட்டில் இருந்தது. கொசு மொய்த்தது. மிதித்தால் ஆர்கன் இளைப்புக்காரரைப் போல மூச்சு விட்டதே தவிரச் சத்தம் வரவில்லை. ராய்ஸ் சற்று நேரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பிறகு சட்டைக் கையை மடித்துவிட்டு, "ஸ்குரூடிரைவர் இருக்கா?" என்றார்.

பின்பலகையைக் கழற்றினால் உள்ளே அணில் காயவைத்திருந்த காளான் குவியல். அதற்கு அடியில் வரிசையாக, காற்று பட்டால் அதிர்ந்து சத்தம் தரும் பித்தளை நாக்குகள். மூன்று பேரும் தலையோடு தலை முட்டிப் பார்த்தார்கள். ராய்ஸ் ஒவ்வொன்றாக எடுத்துத் துடைத்து, வரிசை மாறாமல் மேஜையில் அடுக்கினார். துருத்தியின் கிழிசலுக்குப் பழைய ரப்பர் பூட்ஸை வெட்டி ஒட்டினார்.

பாதி வேலையில் ரயில் ஊதியது.

"ராய்ஸ்! ரயில்! இனிமே வியாழக்கிழமைதான்!"

அவர் நிமிரவில்லை. "போகட்டும். இப்ப விட்டா எது எங்கேன்னு யாருக்கும் தெரியாது."

மூன்று நாள் ஹோபியின் வீட்டிலேயே தங்கினார்கள். ஜாடியில் அடைத்த மூஸ் கறியும் புளித்த மாவு அப்பமும் சாப்பாடு. கரடி வந்தால் என்ன செய்வீர்கள், பல் வலித்தால் என்ன செய்வீர்கள் என்று ஆர்டிஸ் கேட்காத கேள்வி இல்லை. பல்லை ஹோபியே குறடு போட்டுப் பிடுங்கிக்கொண்டாராம். அந்தப் பல்லையும் வாங்கிப் பார்த்தாள்.

புதன்கிழமை ஆற்றங்கரையில் தண்ணீர் மொண்டுகொண்டிருந்தபோது ஹோபி கேட்டார். "உங்க வீட்டுக்காரருக்கு இவ்வளவு நல்ல கை. ஏன் ஊரைவிட்டே நகர மாட்டேங்குறாரு?"

"வேலைப் பைத்தியம்."

"அவரே சொன்னாரா?"

ஆர்டிஸ் வாளியோடு நின்றாள். அவர் சொன்னதில்லை. அவளும் கேட்டதில்லை.

அன்று சாயங்காலம் ராய்ஸ் படியில் உட்கார்ந்து கடைசி நாக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் உட்கார்ந்து, ஹோபி கேட்டதையே அவரிடம் கேட்டாள்.

அவர் துடைப்பதை நிறுத்தாமலே சொன்னார்.

"கல்யாணத்துக்கு முந்தி. ரெண்டு நாள் வேட்டைக்குப் போனேன். எஸ்டர் ஊருக்குப் பக்கத்துல ஒரு கிழவர், தனி ஆளு. ஹீட்டரை வந்து பாக்குறேன்னு வாக்குக் குடுத்திருந்தேன். நான் போறதுக்குள்ள அது நின்னுடுச்சு. குளிர்ல வெறைச்சு கால் விரல் ஆறு போச்சு அவருக்கு."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"நீ கேட்கலையே."

"அவரு திட்டினாரா?"

"இல்ல. காபி போட்டுக் குடுத்தாரு." துடைத்த நாக்கை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "திட்டியிருந்தா தேவலாம்."

ஆர்டிஸ் அதற்கு மேல் கேட்கவில்லை. அவர் கையிலிருந்த அழுக்குத் துணியை வாங்கி, தெரிந்த அளவுக்குப் பித்தளையைத் துடைக்க ஆரம்பித்தாள்.

வியாழக்கிழமை காலையில் ஆர்கன் பேசியது. ஹோபி ஒரே கட்டையை ஒற்றை விரலால் அமுக்கிக்கொண்டு, கால் ஓயும்வரை மிதித்தார். காட்டில் ஏதோ பறவை பயந்து எழும்பியது. "போதும்யா, காது போகுது" என்றார் ராய்ஸ், சிரித்துக்கொண்டே.

மதியம் வடக்கே போகும் ரயிலை நிறுத்தி ஏறினார்கள். பாலத்துக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. அதற்குள் ராய்ஸ் ஜன்னலில் தலையைச் சாய்த்துத் தூங்கிப்போனார். அவர் பகலில் தூங்கி ஆர்டிஸ் பார்த்ததே இல்லை. பாலம் வந்ததும் பெட்டியில் இருந்தவர்கள் எல்லாரும் எழுந்து ஒரு பக்க ஜன்னல்களில் சாய்ந்தார்கள். கீழே அதலபாதாளத்தில் நூல் போல ஓடை. எழுப்பலாமா என்று ஒரு கணம் யோசித்தாள். எழுப்பாமல் விட்டாள்.

ரயில் பாலத்தோடு திரும்பி, மறுபடி டால்கீட்னா நெருங்கும்போதுதான் அவர் கண் விழித்தார்.

"பாலம் வந்துச்சா?"

"போயே போச்சு."

"எப்படி இருந்துச்சு?"

"அடுத்த வருஷம் நீயே வந்து பாரு" என்றாள் ஆர்டிஸ்.