நாற்பத்தெட்டு சொன்ன ஆள்

எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி நான். என்னைப் படிக்க வைத்தவள் அக்கா. துணி ஆலையில் செக்கிங் பிரிவில் வேலை அவளுக்கு. தைத்து வரும் சட்டையை உள்பக்கம் திருப்பி, வெளிச்சத்தில் பிடித்து, தையல் விட்ட இடத்தைத் தேடுவாள். குறை கிடைத்தால் நிம்மதியாக அடுத்ததை எடுப்பாள். கிடைக்காத சட்டையைத்தான் மறுபடி புரட்டுவாள். மனிதர்களிடமும் அப்படித்தான். கடைக்காரர் சிரித்துப் பேசினால், எதற்குச் சிரிக்கிறான் என்று வீடு வரை யோசித்துக்கொண்டு வருவாள்.

வாடகைக்கு இருந்த வீட்டை இடிக்கப்போவதாக உரிமையாளர் சொல்லிவிட்டார். ஆலைக்கு நடந்து போகும் தூரத்தில், எங்கள் கைக்கு எட்டும் விலையில், ஒரே ஒரு வீடுதான் விற்பனைக்கு வந்தது. இரண்டு அறை, இரண்டு பேர் நின்றால் இடிக்கும் சமையலறை, பின்னால் துணி உலர்த்தக் கொஞ்சம் இடம். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தவர் மகளோடு போய் இருப்பதற்காக விற்றார். ஐம்பது லட்சம் கேட்டார்.

குறைத்துக் கேட்டால் வீடு கைநழுவும். கூட்டிக் கொடுத்தால் ஆயுசுக்கும் வயிறு எரியும். அக்காவுக்குத் தூக்கம் போயிற்று. அந்தத் தெருவில் அண்மையில் விற்ற வீடுகளை விசாரித்து, நாற்பத்தாறுதான் நியாயம் என்று நான் கணக்குப் போட்டுச் சொன்னேன். படித்த படிப்பு அவளுக்கே உதவுகிறதே என்று எனக்குப் பெருமை.

"உன்கிட்ட விலை சொன்னது யாரு? புரோக்கர்தானே?" என்றாள். என் கணக்கு அதோடு மூலைக்குப் போனது.

ஆழம் பார்க்க அவளே ஆள் அனுப்பினாள். ஆலையில் இஸ்திரி போடுபவர், கட்டிங் பிரிவுத் தோழி, என் கல்லூரி நண்பன். மூவரும் வீடு வாங்குகிறவர்கள் போலப் போய், நாற்பது, நாற்பத்தொன்று என்று அடிமாட்டு விலைக்குக் கேட்டு, அவர் முகம் எப்படிப் போகிறது என்று வந்து சொல்லவேண்டும். அவள் கணவருக்கு, அதாவது பேக்கரி வேன் ஓட்டும் என் மாமாவுக்கு, இது தெரியக்கூடாது. அவர் வாயில் எதுவும் தங்காதாம்.

போனவர்கள் சொன்னது ஒன்றுதான்: மனுஷன் அசையவில்லை.

பிறகு நாங்கள் போனோம். மாமா இறங்க மறுத்து வேனிலேயே இருந்துகொண்டார். அக்கா நாற்பத்துநான்கு என்று ஆரம்பித்தாள். கண்ணாடிக்கடைக்காரர் முடியாது என்று தலையாட்டினார். அதற்குள் நாலு பேர் வந்து போய்விட்டார்களாம்.

"நாலு பேரா?"

"நாலாவதா வந்தவர் நாப்பத்தெட்டு தர்றேன்னார். வீட்டுக்காரம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வர்றேன்னு போயிருக்கார்."

அக்கா என்னை வாசலுக்கு இழுத்துவந்தாள். மூன்று பேர் வந்தது உண்மை. நாலாவது மட்டும் ஏன் பொய்யாக இருக்கவேண்டும் என்று கேட்டேன்.

"மூணு உண்மையைச் சொல்லி நடுவுல ஒரு பொய்யைச் சொருகுறது, நானே செய்வேன்டா."

உள்ளே போய் அவரைக் குடைந்தாள். ஆள் எப்படி, எதையெல்லாம் பார்த்தார்? அந்த ஆள் அறைகளைச் சரியாகக்கூடப் பார்க்கவில்லையாம். கேட்டைக் கையால் அளந்து, வேன் உள்ளே வருமா என்று மட்டும் கேட்டாராம்.

அக்கா ஜன்னல் வழியே தெருவைப் பார்த்தாள். மாமா ஸ்டியரிங் மேல் கவிழ்ந்து தூங்குவதுபோல் இருந்தார்.

வேன் கதவைத் திறந்ததும் அவராகவே சொல்லிவிட்டார். ரொட்டி இறக்க இந்தத் தெருவுக்கு வரும்போதெல்லாம், யாராவது ஒருவர் அந்த வீட்டுக்குள் போவதைப் பார்த்திருக்கிறார். "நமக்கு இல்லாமப் போயிடுமோன்னு பயந்துட்டேன். நீயும் என்கிட்ட ஒண்ணும் சொல்லல."

அக்கா நேராக உள்ளே திரும்பினாள்.

"அந்த நாப்பத்தெட்டை மறந்துடுங்கய்யா. அவர் வீட்டுக்காரம்மா ஒத்துக்கல."

"உங்களுக்கு எப்படிம்மா தெரியும்?"

"நான்தான் அது."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "அவர் தர்றேன்னாரே?"

"அவர் தருவார். கடன் என் பேர்ல. கையெழுத்து நான்தான் போடணும். நாப்பத்தாறு, அதுக்கு மேல இல்ல."

சரி என்றார், உடனே. என் கணக்குதான் கடைசியில் நின்றது. அதை யாரும் சொல்லவில்லை, நானே சொல்லிக்கொண்டேன்.

அக்காவுக்கு மட்டும் அந்த "உடனே" உறுத்திக்கொண்டே இருக்கிறது. குடிவந்து ஒரு மழைக்காலம் போயிற்று. ஒரு சொட்டு ஒழுகவில்லை. ஆலையிலிருந்து வந்ததும் சுவரில் கை வைத்து ஈரம் பார்க்கிறாள்.

"எதையோ மறைச்சிருக்கான்டா," என்கிறாள். "இன்னொரு மழை போகட்டும்."