வெட்டாத துணி

என் தங்கை புருஷன் தையல்காரர். கோட்டும் பேண்டும் பள்ளிச் சீருடையும் தைப்பார். பத்து வார்த்தை கேட்டால் ஒன்று சொல்வார், அதையும் ஊசியைப் பார்த்துக்கொண்டுதான் சொல்வார். எனக்கோ வாய் ஓயாது. அப்படிப்பட்ட மனுஷனைப் பற்றி நான் பேசாமல் வேறு யார் பேசப்போகிறார்கள்?

தங்கைக்குத் தொண்டையில் புற்றுநோய் என்று தெரிந்ததும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மாப்பிள்ளை மத்தியானத்தோடு கடையைப் பூட்டிவிட்டு அவளை ரேடியேஷனுக்குக் கூட்டிப்போக ஆரம்பித்தார். அந்த ஆஸ்பத்திரியில் அவர் நன்றி சொல்லாத ஆளே கிடையாது. லிஃப்ட்காரர், நர்ஸ், தரை துடைக்கிற அம்மா, எல்லோருக்கும் சொல்வார். காலையில் மிஷினுக்கு எண்ணெய் விடும்போது கடவுளுக்கும் ஒன்று உண்டு. நேற்று நாலு வாய் சூப் இறங்கியதற்கு நன்றி, ராத்திரி கொஞ்சம் தூங்கியதற்கு நன்றி. கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சூப்புக்கெல்லாம் நன்றி சொன்னால் கடவுள் அதோடு விட்டுவிடுவார், ஒழுங்காகக் குணப்படுத்தித் தரச் சொல்லுங்கள் என்று கடிந்துகொண்டேன். அதையும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன் என்றார் மாப்பிள்ளை.

போகப் போக அவளுக்குத் தண்ணீர் விழுங்குவதே பெரும்பாடாகிவிட்டது. டாக்டரம்மா கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னார். எடை இப்படி இறங்கிக்கொண்டே போனால் உடம்பு தாங்காது, சிகிச்சையைப் பாதியில் நிறுத்த வேண்டியிருக்கும். நிறுத்தினால் நோய் மறுபடி தலைதூக்கும். மூக்கு வழியாகக் குழாய் போட்டுச் சாப்பாடு கொடுக்கலாம், நாளைக்குள் முடிவு சொல்லுங்கள் என்றார்.

தங்கை முடியவே முடியாது என்று ஒற்றைக்காலில் நின்றாள். குழாய் என்றால் கதை முடிந்தது என்று அவள் மனதில் ஒரு பயம். நான் கெஞ்சினேன், திட்டினேன், கோபித்துக்கொண்டு வெளியே போய் உட்கார்ந்தும் பார்த்தேன். அவள் மசியவில்லை. ஆஸ்பத்திரியின் எடை மிஷின்தான் கோளாறு என்று சாதித்தாள்.

“நான் தையல்காரர் பொண்டாட்டி. இளைச்சா எனக்குத் தெரியாதா? பாரு, சட்டை அளவா நிக்குது. பாவாடை இடுப்புல ஒரு விரல் கூட நுழையல.”

பார்த்தேன். நிஜமாகவே அளவாகத்தான் இருந்தது. முகம் ஒட்டிப்போயிருந்தது, ஆனால் உடுப்பு அப்போதுதான் அளவெடுத்துத் தைத்த மாதிரி கச்சிதம். எனக்கே குழப்பமாகிவிட்டது. திரும்பி மாப்பிள்ளையைப் பார்த்தால், மனுஷன் திருதிருவென்று முழிக்கிறார்.

வீட்டுக்கு வந்ததும் அவர் அலமாரியைத் திறந்தார். அவளுடைய சட்டைகளையும் பாவாடைகளையும் எடுத்து, உள்பக்கம் வெளியே தெரிகிற மாதிரி புரட்டிக் கட்டிலில் பரப்பினார். ஒவ்வொன்றிலும் பக்கத் தையலுக்கு உள்ளே இன்னொரு தையல், அதற்கும் உள்ளே இன்னொன்று. இஸ்திரி போட என்று கடைக்கு எடுத்துப்போன துணியையெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக அளவு குறைத்துப் பிடித்துக்கொண்டே வந்திருக்கிறார். அவள் இளைப்பது அவளுக்குத் தெரியக்கூடாதாம். கண்ணாடி முன்னால் நின்று அவள் பயந்துவிடக்கூடாதாம். நல்லெண்ணம்தான், ஆனால் இப்படியொரு கோமாளித்தனத்தைத் தையல்காரனைத் தவிர வேறு எவன் செய்வான்?

“தப்பு பண்ணிட்டேன். எடை மிஷின் சொல்றதுதான் நிஜம்” என்றார்.

தங்கைக்குக் கோபம் தாங்கவில்லை. கத்தத் தொண்டை ஒத்துழைக்கவில்லை. ஒரு சட்டையை எடுத்து அவர் மேலேயே வீசினாள். அடுத்ததையும் எடுத்தாள். எடுத்தவள் அதை வீசாமல் உள்தையலைத் தடவிப் பார்த்தாள். பிடித்த துணி முழுதாக உள்ளேயே மடிந்து கிடந்தது. வாடிக்கையாளர் சட்டையைப் பிடித்தால் மிச்சத் துணியை நறுக்கிவிடுவார், இல்லாவிட்டால் உள்ளே உறுத்தும். கடையில் அந்தத் துண்டுகளைப் பெருக்கி அள்ளுகிறவளே அவள்தான்.

“ஏன் வெட்டல?” என்றாள்.

அவர் தன் மேல் விழுந்த சட்டையை எடுத்து மடித்தார்.

“நீ பழையபடி ஆகணும்னு கடவுள்கிட்ட தினம் கேக்குறேன். கேட்டுட்டு எப்படிம்மா வெட்டுறது? நீ தேறின பிறகு பிரிச்சு விடத் துணி வேணுமே.”

சொல்லிவிட்டுச் சின்னப்பிள்ளை மாதிரி அழுதார். நானும் அழுதேன், எனக்கென்ன வெட்கம். தங்கை அந்தச் சட்டையை மடியில் வைத்து நீவிக்கொண்டே இருந்தாள். பிறகு என்னைப் பார்த்து, “நாளைக்கு எத்தனை மணிக்கு வரச் சொன்னாங்க?” என்று கேட்டாள்.

குழாய் போட்டார்கள். சிகிச்சை பாதியில் நிற்கவில்லை. ஒவ்வொரு வேளையும் பாலையும் சத்துக் கரைசலையும் ஒரு சொட்டு சிந்தாமல் ஊற்றியவர் அவர்தான். என்னைக்கூட நம்பிக் கொடுக்கவில்லை. குழாயை எடுத்த அன்று வார்டு முழுக்கப் போய் நன்றி சொல்லிவிட்டு வந்தார். நான் வாயே திறக்கவில்லை.

போன வாரம் நான் கடையில் இருந்தபோது தங்கை கையில் ஒரு சட்டையோடு உள்ளே வந்தாள். “ஏங்க, கையைத் தூக்கினா இந்தச் சட்டை இறுக்கிப் பிடிக்குது” என்றாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், போட்டார், மறுபடி கழற்றினார். பிளேடை எடுத்துத் தையலில் வைக்காமல் துணியிலேயே வைத்தார்.

“தள்ளுங்க, துணியைக் கிழிச்சிடப் போறீங்க” என்று அவளே பிளேடை வாங்கி, தையலைப் பிரிக்க உட்கார்ந்தாள்.