வாசலில் போட்ட பொடி

"பொஸ்தவத்துல போட்டிருக்கறது இந்த எறும்புக்குத் தெரியுமாம்மா?" என்று அத்தை ஒருநாள் கேட்டார். அத்தை என்றால் அப்பாவின் அக்கா. எங்கள் வீட்டை ஒட்டியே அவருடைய வீடும். அன்று கணுக்காலில் எறும்பு கடித்த இடமெல்லாம் சுண்ணாம்பு தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் பக்கத்தில் என் பழைய விலங்கியல் புத்தகத்தைப் புரட்டி, எறும்பைப் பற்றி என்ன இருக்கிறதென்று உரக்கப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தேன்.

"எறும்புக்குத் தெரிய வேண்டாம் அத்தை. எனக்குத் தெரிஞ்சாப் போதும்" என்றேன்.

அப்படித்தான் அப்போது பேசுவேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போய் முடித்த முதல் ஆள் நான். பன்னிரண்டாம் வகுப்பு தேறியதும் அக்கம்பக்கத்துக்கு வரும் கடிதங்களையெல்லாம் நான்தான் படித்துச் சொல்வேன். மருந்துப் பாட்டிலில் ஒட்டியிருக்கும் காகிதத்தைக்கூட என்னிடம் கொண்டுவந்து நீட்டுவார்கள். அதில் எனக்கு இருந்த பெருமையை மறைத்துக்கொள்ள நான் முயன்றதில்லை.

எங்கள் காடு ஏரியூருக்குப் பக்கத்தில். கேழ்வரகும் கடலைக்காயும் போட்டுக்கொண்டிருந்த அப்பா, ஜீப்பில் வந்த அதிகாரிகள் சொன்னதைக் கேட்டு ஒரு பகுதியில் மல்பெரி நட்டார். செடிகள் லாரியில் வந்தன. கர்நாடகப் பக்கத்திலிருந்து வேரும் மண்ணுமாக வந்தவை. வீட்டுக்குப் பின்னால் ஓலைக் கொட்டகை போட்டு, மூங்கில் தட்டுகளை அடுக்கிப் பட்டுப்புழு வளர்க்கத் தொடங்கினோம்.

அதற்குப் பிறகுதான் அந்தச் சிவப்பு எறும்பு கண்ணில் பட்டது. எறும்பு எங்களுக்குப் புதிதில்லை. கட்டெறும்பு, சித்தெறும்பு, மரத்தில் இலையைச் சேர்த்துக் கூடு கட்டும் முசுறு என்று எல்லாவற்றிடமும் கடி வாங்கியிருக்கிறோம். இது வேறு மாதிரி இருந்தது. கடித்தால் கங்கு பட்டதுபோல் எரியும். மறுநாள் அந்த இடத்தில் வெள்ளையாகச் சீழ்க்கொப்புளம் நிற்கும். வரப்பை மிதித்தால் பொலபொலவென்று மண்ணிலிருந்து கிளம்பி முழங்கால்வரை ஏறிவிட்டுப் பிறகு எல்லாம் ஒன்றாகக் கடிக்கும். அப்பா விதைத்த எள்ளைச் சாலோடு காலி செய்தது. அம்மா அடைவைத்திருந்த கோழி முட்டைகளில் ஓடு விரிசல் விட்டவுடனே உள்ளே புகுந்தது. ஒரு குஞ்சும் வெளியே வரவில்லை. அம்மா கூடையைக் கவிழ்த்துக் கொட்டினார்.

எங்கிருந்து வந்தது என்று கேட்டால் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். மல்பெரி வேரில் ஒட்டியிருந்த மண்ணில் வந்தது என்றார் அப்பா. "நெருப்பெறும்புன்னு எங்க காலத்துலயே உண்டுங்க" என்றார் பக்கத்துக் காட்டுக்காரர். அப்படியானால் இத்தனை வருடம் அது எங்கே இருந்தது என்றால் அவருக்கும் தெரியவில்லை. என் பழைய விலங்கியல் ஆசிரியரைப் பென்னாகரத்தில் பார்த்தபோது கேட்டேன். கப்பலேறி வெளிநாட்டிலிருந்து வந்த எறும்பு ஒன்று இருக்கிறது, இது அதுவாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம் என்றார். கப்பலில் வந்த எறும்பு கடலே இல்லாத எங்கள் காட்டுக்கு எப்படி வந்தது என்று நான் கேட்டதற்கு, "நல்ல கேள்வி" என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறிவிட்டார்.

ஒரு தடவை வளர்த்த புழுவில் பாதியை எறும்பு தின்றுவிட்டது. அப்பா அன்றைக்கே சொல்லிவிட்டார். "இன்னொருக்கா எறும்பு பூந்துச்சுன்னா மல்பெரியை வேரோட புடுங்கிருவேன். செடியோட வந்தது செடியோட போவட்டும்." பிறகு என்னைப் பார்த்து, "இந்தத் தடவை கொட்டவை உன் பொறுப்பு. படிச்சவ எப்படிப் பாக்கறேன்னு பாக்கலாம்" என்றார்.

படித்ததற்காக எனக்குக் கிடைத்த முதல் பொறுப்பு அந்தக் கொட்டகைதான். அதை விட்டுவிடக் கூடாது என்பது தவிர அந்த மாதம் முழுக்க எனக்கு வேறு நினைப்பில்லை.

தட்டுகள் அடுக்கிய தாங்கிகள் மூன்று. ஒவ்வொன்றின் நான்கு கால்களுக்கு அடியிலும் தண்ணீர்ச் சட்டி வைத்து, காலையும் மாலையும் நானே தண்ணீர் மாற்றினேன். தழை சுவரில் உரசாமல் பார்த்துக்கொண்டேன். புழுக்கள் நான்கு தடவை தூங்கித் தோலுரித்து எழுந்து, கடைசியாக அசுரத்தனமாகத் தின்னும் நாட்கள் வந்தன. இன்னும் ஐந்தாறு நாள் தாண்டினால் கூடு கட்டிவிடும். அப்போதுதான் கொட்டகைச் சுவரோரம் வெளியே மண் பொங்கியிருப்பதைப் பார்த்தேன். குச்சியால் கிளறினேன். உள்ளே எல்லாம் சிவப்பு.

யாரிடமும் சொல்லவில்லை. ஏரியூருக்குப் போய் எறும்பு மருந்துப் பொடி வாங்கி வந்தேன். பொட்டலத்தில் இருந்ததை முழுக்கப் படித்தேன். குழந்தைகள், கால்நடை, உணவுப் பொருள் பக்கத்தில் வைக்கக் கூடாது என்று இருந்தது. கொட்டகைக்குள் போடாமல், வெளியே சுவரைச் சுற்றியும் வாசலுக்குக் குறுக்கேயும் கோடு மாதிரி தூவி, மேலே மண்ணைத் தள்ளி மூடிவிட்டேன். அம்மாவுக்குத் தெரிந்தால் பயப்படுவார். அத்தைக்குத் தெரிந்தால் எறும்பு வந்த விஷயம் அப்பா காதுக்குப் போகும். எறும்பும் பட்டுப்புழுவும் பூச்சி வகை என்று நான் ஒரே பாடத்தில்தான் படித்திருந்தேன். அது அப்போது என் நினைவுக்கு வரவில்லை. வந்தும், வெளியேதானே போடுகிறோம் என்று நினைத்தேனோ என்னவோ, இப்போது சரியாகச் சொல்ல முடியவில்லை.

மறுநாள் காலை முறம் கேட்டு வந்த பக்கத்துத் தெரு அக்கா ஒருவர், நேராகக் கொட்டகை வாசலுக்கே வந்துவிட்டார். புழு வளர்க்கும் இடத்துக்கு வெளி ஆள் வருவது எங்கள் பக்கம் வழக்கமில்லை. வாசலில் நின்றே எட்டிப் பார்த்து, "யம்மா, ஒவ்வொண்ணும் வெரல் தண்டி இருக்குதே. எங்கூட்டுக்காரரு பாத்தா எங்களையும் வளக்கச் சொல்லுவாரு" என்றார். நான் சிரித்தேன். எனக்குச் சந்தோஷம்தான். தழைக் கூடையோடு நின்ற அத்தை சிரிக்கவில்லை.

நான் தழை வெட்டக் காட்டுக்குப் போய்விட்டு உச்சிவேளையில் திரும்பி வந்தேன். வாசலுக்குப் பக்கத்தில் இருந்த முதல் தாங்கியில் புழுக்கள் தலையைத் தூக்கித் தூக்கி ஆட்டிக்கொண்டிருந்தன. வாயில் பச்சை நீர். சில சுருங்கிக் கிடந்தன. தழை தின்னாமல் அப்படியே இருந்தது. நடுத் தாங்கியில் வேறு மாதிரி. அங்கே எறும்பு ஏறியிருந்தது. அதன் ஒரு காலுக்கு அடியில் இருந்த சட்டியில் செத்த எறும்புகள் பாய் விரித்ததுபோல் மிதந்தன. அவற்றின் மேலேயே மற்றவை நடந்து போய்க்கொண்டிருந்தன. கடிபட்ட புழுக்கள் கறுத்துப் போயிருந்தன. சுவரோரம் இருந்த மூன்றாவது தாங்கி மட்டும் ஒன்றுமே நடக்காததுபோல் தின்றுகொண்டிருந்தது.

எறும்பு மருந்து போட்டும் எறும்பு வந்திருந்தது. எறும்பு வராத தாங்கியில் புழு செத்துக்கொண்டிருந்தது. பொடிக்குத் தப்பி உள்ளே ஓடிவந்த எறும்பா, பொடி பட்டுச் செத்த புழு வாடைக்கு வந்த எறும்பா? வாசலுக்கு வெளியே மண்ணுக்கு அடியில் போட்ட பொடி தட்டுக்கு எப்படி வந்தது?

அத்தை அடுப்படியில் இருந்தார். அடுப்பில் மிளகாய் கருகிக் கிடந்தது. நெடியே இல்லை.

"என்ன அத்தை சுத்துனீங்க?"

"ஒன்னுமில்ல கண்ணு."

"அடுப்புல மொளகா கெடக்குதே."

"அவ அப்படிக் கண்ணு வெச்சிட்டுப் போனா, சும்மா வுடச் சொல்றியா? அவ மிதிச்ச மண்ணு ஒரு கைப்பிடி, உப்பு, மொளகா. மூணு சுத்து. ஒங்கிட்டச் சொன்னா நீ பொஸ்தவத்த எடுத்துட்டு வருவ."

எங்கள் பக்கம் கண்ணேறு கழிப்பது அப்படித்தான். கண் வைத்தவர் காலடி மண்ணை எடுத்துச் சுற்றி நெருப்பில் போட வேண்டும். அந்த அக்கா நின்றது வாசலில். அங்கேதான் நான் பொடி போட்டு மண்ணைத் தள்ளியிருந்தேன்.

"எந்தத் தட்டுக்கு மேல சுத்துனீங்க?"

"மொதல்ல இருக்கறதுக்குத்தான். அவ பாத்தது அதத்தான. ஏன், என்ன ஆச்சு?"

சொன்னேன். அத்தை தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். பிறகு எழுந்து போய்க் கையை மூன்று தடவை கழுவினார்.

"அப்ப நானா கொன்னேன்?" என்றார்.

"பொடி போட்டது நான் அத்தை."

"நீ சொல்லியிருந்தா நான் அள்ளியிருக்க மாட்டேன்."

"நீங்க சொல்லியிருந்தா நான் அள்ள வுட்டிருக்க மாட்டேன்."

பிறகு அத்தைதான் மெதுவாகச் சொன்னார். "உங்கப்பன்கிட்ட வாயத் தொறக்காத. எல்லாம் எறும்புன்னே இருக்கட்டும். எறும்பு மேலதான ஏறியிருக்குது, பொய்யில்லையே."

பொய்யில்லைதான். ஆனால் எறும்பு என்று சொன்னால் அப்பா மல்பெரியைப் பிடுங்குவார். பொடி என்று சொன்னால் கொட்டகை என் கையை விட்டுப் போகும். அத்தைக்கும் பேச்சு விழும். முதலாவதில் எனக்கு அவமானம் இல்லை. இரண்டாவதில் செடி பிழைக்கும். எது சரி என்று நான் அன்று மாலைவரை ஒரு முடிவுக்கு வரவில்லை. இன்னொன்றும் குழப்பியது. செடியைப் பிடுங்கினால் எறும்பு போய்விடுமா? எள்ளையும் முட்டையையும் தின்ற எறும்புக்கு மல்பெரி எதற்கு?

அப்பா வந்து இரண்டு தாங்கிகளையும் பார்த்தார். காட்டுப்பக்கம் போய், இரண்டு ஆட்களிடம் நாளை மறுநாள் கடப்பாரையோடு வரச் சொன்னார். அவர் திரும்பும்போது வரப்பிலேயே போய் நின்று சொன்னேன்.

"அப்பா, வாசல்ல எறும்புப் பொடி போட்டது நான். மொதத் தாங்கி செத்தது பொடியாலதான்னு நெனைக்கறேன். நடுவுல இருக்கறதுக்கு எறும்பு ஏறியிருக்குது. எது மொதல்னு தெரியல."

"வாசல்ல போட்டது உள்ள எப்படிப் போச்சு?"

"மண்ணோட போச்சு."

யார் கையில் போயிற்று என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. அவர் மல்பெரியைப் பார்த்தபடி நின்றார்.

"படிச்சவ நீ. இப்ப நான் செடியப் புடுங்கறதா, உன்னக் கொட்டவைக்குப் போவாதன்னு சொல்றதா?"

"தெரியலப்பா. தெரிஞ்சவங்களக் கேட்டுட்டு வரேன். அதுவரைக்கும் புடுங்காதீங்க."

"நாளைக்குச் சாயந்தரம் வரைக்கும்" என்றார்.

காலையில் மூன்று பழைய மருந்துப் பாட்டில்களைக் கழுவிக் காயவைத்தேன். ஒன்றில் பச்சை கக்கிச் செத்த புழு. ஒன்றில் கறுத்துப் போன புழு. மூன்றாவதில் எறும்பைப் பிடித்துப் போட்டது அத்தை. விரலெல்லாம் கடி வாங்கிக்கொண்டு, என்னைக் கிட்டவே வர விடவில்லை. மூடியை இறுக்கிக் கொடுத்தவர், "நான் அள்ளுனதையும் சொல்லு" என்று மட்டும் சொன்னார்.

தர்மபுரி பஸ்ஸில் மடியில் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இண்டூரில் ஏறிய ஒருவர் பாட்டில்களைப் பார்த்து, "என்னம்மா, ஊறுகாயா?" என்று கேட்டார். எறும்பு என்றேன். வேறு இடம் பார்த்து உட்கார்ந்துகொண்டார். என்ன பேசுவதென்று வழியெல்லாம் சேர்த்து வைத்தேன். தர்மபுரி வருவதற்குள் எல்லாம் கலைந்துவிட்டது.

பட்டு வளர்ப்பு ஆபீஸில் இருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். எந்த ஊர், என்ன விஷயம் என்று அவர் கேட்பதற்குள், மூன்று பாட்டில்களையும் மேசைமேல் வைத்துவிட்டு, பொடி போட்ட நாளிலிருந்து சொல்லத் தொடங்கியிருந்தேன்.