நான் அடுக்கிய வால்வுகள்

1953 மார்ச் 9, திங்கட்கிழமை. வழக்கம்போல் எட்டரைக்கு ராயபுரம் அலுவலகத்தைத் திறந்தேன். முதலாளியின் கார் நின்ற இடத்திலேயே குலுங்கியதால், மெக்கானிக் கபாலி எஞ்சின் வால்வுகளைக் கழற்றி, கரி சுரண்டி, அதே வரிசையில் செய்தித்தாளில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போனார். கோணலாகக் கிடந்தவற்றை நான் துடைத்து, பெரியது சிறியது பார்த்து அழகாக அடுக்கினேன்.

மாட்டியபின் கார் முன்னைவிடக் குலுங்கியது. "நாளையிலிருந்து வராதே" என்று கபாலியிடம் சொன்னார் முதலாளி.

கபாலி என்னைப் பார்த்தார். "என் தப்புதான் மொதலாளி" என்றார். வெளியே வந்ததும், "ஒவ்வொரு வால்வுக்கும் வூடு வேற சார். இப்பிடி மாத்திக் குடி வெச்சிட்டியே" என்று சிரித்தார்.

அந்தச் சிரிப்பு இன்னும் கண்ணில் நிற்கிறது.

மறுநாள் காலை, வருகைப் பதிவேட்டைத் தொடும் முன்பே முதலாளியின் அறைக்குப் போய், "அடுக்கியது நான்" என்றேன்.