மல்லிகா ஸ்டோர் நிறுத்தம்

கடைக்குப் பெயர் வைத்த அன்று நானும் பிறந்திருந்தால், அப்பா பலகையில் யார் பெயரை எழுதியிருப்பார்? இந்தக் கேள்வி இன்றுவரை என்னை விடவில்லை.

மண்ணெண்ணெயும் வெல்லமும் 'உணக்க' மீன் என்கிற கருவாடும் கலந்த வாசனை எங்கேனும் வந்தால், மலையாளக் கரையில் விழிஞ்ஞம் போகும் வழியில், வாழைத்தோட்டங்களைத் தவிர வேறொன்றும் இல்லாத வளைவில் இருந்த எங்கள் கடை கண்முன் வந்துவிடும். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த அப்பா அதைத் தொடங்கியபோது அக்கா கைக்குழந்தை. மூத்த பிள்ளை பெயரை வைப்பதுதான் வழக்கம் என்று 'மல்லிகா ஸ்டோர்' என எழுதினார். கடைக்கு வருகிறவர்களுக்காகப் பேருந்துகள் அங்கே நிற்கத் தொடங்கின. பெயரே இல்லாத அந்த இடத்துக்குக் கண்டக்டர்கள் பலகையைப் பார்த்துப் பெயர் வைத்துவிட்டார்கள்.

"மல்லிகா... மல்லிகா எறங்கானுண்டோ?"

மல்லிகாவில் இறங்க ஆள் உண்டா என்று, வருகிற பேருந்தில் எல்லாம் அக்காவின் பெயர். எனக்கு வயிறெரியும். ஒருநாள் பள்ளி விட்டு வரும்போது கண்டக்டர், "மோளே, மல்லிகா எத்தி, எறங்கு" என்றார். மல்லிகா வந்துவிட்டதாம்; அந்தப் பெயருக்கு நான் ஏன் எழுந்திருக்க வேண்டும் என்ற வீம்பில் அடுத்த நிறுத்தம்வரை போய், வெயிலில் நடந்து திரும்பினேன்.

அப்பா சிரித்தார். "இன்னொரு கட போட்டா ஒம் பேருதாம்ட்டி."

சர்க்கரைப் பொட்டலம் மடித்துக்கொண்டிருந்த அக்கா நிமிர்ந்தாள். "பேரு எனக்கு, வேலையும் எனக்கு. கடையில உள்ள முட்டாயி பூரா ஒனக்கு. பொறவென்னட்டி?"

இன்னொரு கடை வரவில்லை. சாலையை அகலப்படுத்தியபோது இருந்த கடையும் பலகையும் போயின. அந்தப் பெயர் மட்டும் போகவில்லை. அக்கா ஊருக்கு வரும்போது இன்றும் தன் பெயரைக் கேட்டுத்தான் இறங்குகிறாள். இரண்டு பெண்களுக்குத் தாயான பிறகும் எனக்கு அது பொறுக்கவில்லை.

இப்போது, சாலைக்குப் போக மிஞ்சிய இடத்தில் என் கணவர் ஒரு கடை கட்டியிருக்கிறார். "மூத்தவ பேரு வைக்கறதுதானே முறை, அல்லே? தாரா ஸ்டோர்னு எழுதிடலாம்" என்கிறார். சின்னவள் மீனு இன்னும் என் மடியில்தான் தூங்குகிறாள். இருவர் பெயரையும் எழுதலாம். ஆனால் புதுப் பலகையைப் பார்த்து நிறுத்தத்தின் பெயர் மாறினால், கண்டக்டர் முதல் பெயரைத்தானே கூப்பிடுவார்? மீனுவை முன்னால் வைத்தால் தாராவின் வயிறு எரியாதா? இதற்கிடையே, அப்பா சொன்ன 'இன்னொரு கட' இதுதான் என்று என் மனசு வேறு ஓயாமல் சொல்கிறது. பெற்ற பிள்ளைகளோடு ஒரு தாய் போட்டி போடலாமா?

வெள்ளையடித்த பலகை சுவரில் சாய்ந்திருக்கிறது. பெயிண்டரிடம் சாக்குச் சொல்லித் தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கிறேன். நீங்கள் என் இடத்தில் இருந்தால் அதில் யார் பெயரை எழுதச் சொல்வீர்கள்? தயவுசெய்து சொல்லுங்கள். என் பெயர் செல்வி.