ஜெட்டியில் ஏற்றிய பலகை

அந்தமானின் லாங் ஐலண்டில் படகுகளுக்குப் பெயின்ட் அடிக்கும் சிவஞானத்துக்கு வேலை நேரத்தில் இரண்டே நிறம்தான். அடியில் கறுப்பு, மேலே வெள்ளை. மாலையில் டப்பாக்களில் ஒட்டிக்கிடப்பதைச் சுரண்டி வந்து, கழித்துப்போட்ட பிளைவுட்டில் அவர் தீட்டியவற்றைப் பார்த்துத் தீவே சிரித்தது. மரமில்லை, மீனில்லை, சாமியும் இல்லை. ரேஷனுக்கு மழையில் நின்ற நாள் ஒரு சாம்பல் திட்டு. நடுவே மஞ்சளாய் ஒரு கீற்று. ஏன் மஞ்சள் என்று கேட்டால், "கை போச்சு, விட்டுட்டேன்" என்பார். ராமநாதபுரத்திலிருந்து கப்பலேறி வந்த மனுஷனுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்றார்கள். மனைவி சுசீலா மட்டும் அவற்றைக் கட்டிலுக்கடியில் அடுக்கிவைத்தாள். எந்தப் பலகை எந்த நாள் என்று அவளுக்கு அத்துப்படி.

போர்ட் பிளேர் போகும் மோட்டார் படகு வெள்ளிக்கிழமை மட்டுமே இங்கே நிற்கும். மற்ற நாளில் யாருக்காவது உடம்புக்கு முடியவில்லை என்றால், படகு அணையும் ஜெட்டியின் கம்பத்தில் சிவப்புப் பலகையை ஏற்ற வேண்டும். அதைக் கண்டால்தான் படகை ஓட்டும் செராங் கரைக்குத் திருப்புவார். 1966-இல் வெயிலில் வெளுத்துப்போன அந்தப் பலகையைப் புதுப்பிக்கச் சொல்லிச் சிவஞானத்திடம் கொடுத்தார்கள். ஸ்டோரில் சிவப்புப் பெயின்ட் இல்லை. மெயின்லேண்ட் கப்பல் வர வேண்டும்.

பலகையோ வழவழவென்று நல்ல படாக் மரம். சும்மா கிடக்கிறதே என்று அவருக்குக் கை அரித்தது. சுசீலாவுக்கு ஏழாம் மாதம். வயிற்றில் பிள்ளை துள்ளுவதை அவர் கையைப் பிடித்து வைத்துக் காட்டினாள். அந்தக் கையோடு போய்ப் பலகை முழுக்கத் தீட்டிவிட்டார். பச்சை, நீலம், அங்கங்கே கொஞ்சம் ஆரஞ்சு. சிவப்பு வந்ததும் ஒரே பூச்சில் மூடிவிடலாம் என்று நினைத்தார். என்ன புத்தியோ! கப்பல் இரண்டு முறை வந்தது, சிவப்பு வரவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை சுசீலாவுக்கு உதிரம் போகத் தொடங்கியது. நிற்கவேயில்லை. கம்பவுண்டர் ஜெகநாதன் கையை விரித்துவிட்டார்.

"என்னால ஆகாது சிவஞானம். போர்ட் பிளேர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகணும். ஜல்தி!"

தூரத்தில் படகுச் சத்தம் கேட்டது. சிவஞானம் பலகையைத் தூக்கிக்கொண்டு ஓடினார். பலகை அதே பலகை, கம்பம் அதே கம்பம், செராங்குக்குத் தெரியாதா என்றுதான் அந்தப் பதற்றத்தில் தோன்றியது. ஏற்றினார். துண்டைச் சுழற்றினார், தொண்டை கிழியக் கத்தினார். போகிற படகுக்குக் கைகாட்டுவது இங்கே எல்லோருக்கும் வழக்கம். படகு வேகம் குறைத்தது. மேல்தட்டில் இருந்தவர்களும் சிரித்துக் கைகாட்டினார்கள். பிறகு ஹாரன் அடித்துவிட்டுப் போய்விட்டது.

மதியத்துக்குள் எல்லாம் முடிந்தது. தாயையும் பிள்ளையையும் ஒரே குழியில் வைத்தார்கள். அவரைத் திட்ட யாருக்கும் வாய் வரவில்லை.

வெள்ளிக்கிழமை பலகையை இறக்கச் சிவஞானம் ஜெட்டிக்குப் போனார். அப்போதுதான் படகு வந்து நின்றது. செராங் கோவிந்தராஜுக்கு நடந்தது எதுவும் தெரியாது. கயிற்றைக் கட்டிவிட்டு அண்ணாந்து பார்த்தார்.

"அரே, யாரு பாய் இதை வரைஞ்சது? செவ்வாக்கிழமையே பார்த்தேன். ஏதோ விசேஷம்னு நெனச்சேன். பார்க்கணும்னே எஞ்சினைக் குறைச்சேன். என்னமோ உசிரு துள்ளுற மாதிரி இருக்கு."

"நான்தான்" என்றார் சிவஞானம்.

கோவிந்தராஜ் அவர் தோளில் தட்டிக்கொடுத்தார்.